மேற்கு ஜன்னலுக்கு ஒரு மரம்

மயில்கொன்றைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான். என் கணவர் வேண்டாம் என்றார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பட்ட பயத்தில் பாதி இந்தப் பிடிவாதத்தில் இருந்து வந்ததுதான்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில், ஊர் முடிந்து மாந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் மனை வாங்கி வீடு கட்டினோம். கிழக்குப் பார்த்த வாசல். மேற்கே வெட்டவெளி. மதியம் இரண்டு மணிக்கு மேல் படுக்கையறைச் சுவரில் கை வைக்க முடியாது. ஜன்னல் கம்பி சுடும். பீரோவைத் திறந்தால் மடித்து வைத்த புடவைகூடச் சூடாக இருக்கும். அந்தச் சுவருக்கு நிழல் கொடுக்க ஒரு மரம் வைக்கலாம் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே எண்ணம்தான். எந்த மரம் என்பதில்தான் தகராறு.

அவர் லைன்மேன். மின்கம்பிக்கு அடியில் வளர்ந்த கிளைகளைக் கோடைக்கு முன்னால் கழிப்பதும், காற்றில் கம்பிமேல் விழுந்த மரங்களை எடுப்பதும் அவர் வேலையில் பெரும்பங்கு. எந்த மரம் எப்படி விழும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரிந்தவர்களில் யாருக்கும் தெரியாது. பைக்கில் போகும்போதுகூடச் சாலையோர மரங்களைப் பார்த்து, இது நிற்கும், இது இந்த ஆடிக்குத் தாங்காது என்று சொல்லிக்கொண்டே வருவார்.

"புங்கன் வெக்கலாம். இல்லன்னா வேம்பு. மயில்கொன்னை வேணாம், அது சட்டுனு முறியற மரம். மழைக்காலத்துல நாங்க கம்பி மேலருந்து எடுக்கறதே பாதி அதுதான்."

"அது எப்படிப் பூக்கும்னு பாத்திருக்கீங்கல்ல?"

"புங்கனும்தான் பூக்கும்."

"அது ஒரு பூவாங்க? கீழ விழுந்தப்புறந்தான் பூத்ததே தெரியும்."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு அவர் தோற்றுப்போனார் என்பது எனக்குத் தெரிந்தது. நான் லேப் டெக்னீஷியன் படிப்புப் படித்தபோது தங்கியிருந்த விடுதி ஒரு சிறைச்சாலை மாதிரி இருக்கும். அதன் ஜன்னலுக்கு வெளியே ஒரு மயில்கொன்றை நின்றது. வீட்டை நினைத்து அழுகை வரும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். சொந்தமாக ஒரு ஜன்னல் கிடைத்ததும் எனக்கு அந்த மரம் வேண்டியிருந்தது.

வைக்கும் தூரத்திலும் நான்தான் ஜெயித்தேன். சுவரில் இருந்து இருபது அடியாவது தள்ளி வைக்க வேண்டும் என்றார் அவர். அவ்வளவு தூரத்தில் வைத்தால் நிழல் நம் சுவருக்கு வந்து சேர எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். பேசிப் பேசிப் பன்னிரண்டு அடிக்குக் கொண்டுவந்தேன்.

குழி வெட்ட மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. மேலே ஒரு முழத்துக்குச் செம்மண். அதற்குக் கீழே கடப்பாறை போட்டால் டங்கென்று கை அதிரும் சுண்ணாம்புக் கல். இடுப்பாழம் தோண்டி, ஆட்டு எருவும் செம்மண்ணும் கலந்து கொட்டி, நர்சரியில் இருந்து கொண்டுவந்த கன்றை வைத்தார். கன்று என் இடுப்பு உயரம் இருந்தது. ஒரு மூங்கில் குச்சியை நட்டு, பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாகக் கட்டினார்.

அன்று சாயங்காலமே எனக்குப் பயம் தொடங்கிவிட்டது. இருட்டும் நேரத்தில் போய்ப் பார்த்தால் இலைகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொங்கின. வேரில் எருவின் சூடு பட்டுக் கன்று செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்து அவரைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "தூங்குது. காலைல எந்திரிக்கும், நீ போய்ப் படு" என்றார்.

காலையில் எழுந்துதான் இருந்தது.

பிறகு தண்ணீர்ப் பயம். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அரிசி களைந்தது, காய் கழுவியது எல்லாம் வாளியில் சேர்ந்து கன்றுக்குப் போகும். அப்புறம் ஆட்டுப் பயம். மாந்தோப்புப் பக்கம் மேய வரும் ஆடுகள் எட்டிக் கடிக்காமல் இருக்க முள்ளு வெட்டி அடைத்தோம். கறையான் ஏறியபோது வேப்பம்புண்ணாக்குக் கரைத்து ஊற்றினேன். அவர் என்னைக் கேலி செய்வார். கைக்குழந்தையாக இருந்தபோது மகளைக்கூட நான் இப்படிப் பார்க்கவில்லையாம்.

மூன்றாம் வருடம் மரம் வீட்டுக் கூரையை எட்டியது. ஓர் ஆள் உயரத்துக்கு மேல் அது இரண்டாகப் பிரிந்து, இரண்டும் ஒரே தடிமனில் மேலே போயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கைரம்பத்தோடு வந்து நின்றார்.

"இந்தக் கவட்டையப் பாத்தியா? ரெண்டும் போட்டி போட்டுக்கிட்டு வளருது. நடுவுல பட்ட மாட்டிக்கிச்சுன்னா உள்ள ஒட்டாது. பெருசாச்சுன்னா கனம் தாங்காமப் பொளந்துக்கும். இப்ப ஒண்ண எடுத்துட்டா உள்ளங்கை அளவு காயந்தான்."

நான் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். பாதி மரத்தை வெட்டுவதாகத்தான் எனக்குப் பட்டது. "அடுத்த வருசம் எடுக்கலாங்க, இப்பத்தான் தழையுது" என்றேன். அடுத்த வருடமும் அதையே சொன்னேன். ஐந்தாம் வருடம் சித்திரையில் மரம் பூத்தது. இலை கொட்டி மொட்டையாக நின்ற கிளையெல்லாம் ஒரே சிவப்பு. படுக்கையறைச் சுவர் முதல்முறையாகக் கைபொறுக்கும் சூட்டில் இருந்தது. அதன்பிறகு ரம்பத்தைப் பற்றி அவரும் பேசவில்லை. இரண்டு கவைகளும் அப்போதே என் தொடை அளவு பருத்துவிட்டிருந்தன.

அந்த நிழலுக்கு முதலில் வந்தவர்கள் பக்கத்து வீட்டார். அந்த வீட்டுக்காரருக்கு டவுனில் மெத்தை தைக்கும் கடை. அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்வார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர், அக்கா என்று கூப்பிடுவார். சாப்பாட்டுக்குப் பிறகு அவரும் அந்தத் தெருப் பெண்கள் இரண்டு பேரும் பாயை விரித்து, எங்கள் மரத்தடியில் உட்கார்ந்து புடவைக்கு ஃபால்ஸ் அடிப்பார்கள், ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைப்பார்கள். இரண்டு மனைகளுக்கும் நடுவே சுவர் இல்லை, கம்பிவேலி மட்டும்தான். அதிலும் ஓர் ஆள் நுழைந்து வர வழி இருந்தது.

கொரோனா அடங்கிய மறுவருடம், ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் கணவர் கையில் இருந்த பிரஷ் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். ஆம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது, உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் பாதிக்கு மேல் திரும்பவில்லை. பேச்சும் போனது. சொல்ல வேண்டியது அவருக்குள் முழுசாக இருக்கிறது, வாய்க்கு வரும்போதுதான் முதல் ஓரிரண்டு எழுத்தோடு நின்றுவிடுகிறது என்றார் டாக்டர். வேலையில் இருந்து விலக வேண்டியதாயிற்று. மகள் பெங்களூரில் வேலையில் இருந்தாள். நான் மொரப்பூர் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து லேபில் இருந்தேன். காலையில் எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறாகும். இரண்டு பஸ் மாற வேண்டும்.

மூன்று நான்கு மாதத்தில் அவர் கோல் ஊன்றி நடந்தார். வீட்டுக்குள் அடைந்து கிடக்க அவருக்குப் பிடிக்கவில்லை. நான் கிளம்பும் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியை மரத்தடியில் போட்டுவிட்டுப் போவேன். அவர் அதில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்து வீட்டுப் பெண்மணி மதியம் ஒரு தடவை வந்து சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டுப் போவார்.

மரத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். மரம் வளர்ந்த காலத்தில் அது செத்துவிடுமோ என்றுதான் பயந்திருக்கிறேன். இப்போது அது யாரையாவது கொன்றுவிடுமோ என்று பயந்தேன். சட்டுனு முறியற மரம் என்று அவர் சொன்னது பஸ்ஸில் உட்கார்ந்தால் காதில் கேட்கும். நல்ல காலும் கையும் இருந்தால் ஒரு சத்தம் கேட்டதும் எழுந்து ஓடலாம். இவர் நாற்காலியில் இருந்து எழுந்து நிற்கவே மூச்சு வாங்கும். கோலைத் தேடி எடுத்து, இடதுகாலை முன்னால் வைத்து, பிறகு வலதுகாலை இழுத்து நகர்வதற்குள் கிளை கீழே வந்துவிடாதா?

லேபின் ஜன்னலுக்கு எதிரே ஒரு கடையின் பிளெக்ஸ் போர்டு இருக்கும். அது படபடவென்று அடித்தால் எனக்குக் கையில் வேலை ஓடாது. ரத்தம் எடுக்கும் ஊசியைப் பிடித்துக்கொண்டு காதை வெளியே வைத்திருப்பேன். போனில் நான்கைந்து தடவை வானிலை பார்ப்பேன். மொரப்பூரில் அடிக்கும் காற்றுதான் பென்னாகரம் ரோட்டிலும் அடிக்கும் என்று எந்தக் கணக்கும் இல்லை. அது தெரிந்தும் பார்ப்பேன். அவருக்குப் போன் போட்டால் எடுத்து "ஆ" என்று ஒரு சத்தம் கொடுப்பார். அது போதும் எனக்கு. சில நாள் எடுக்கமாட்டார். அன்றைக்கு ஆறு மணி வரைக்கும் போட்டுக்கொண்டே இருப்பேன்.

பங்குனியில் மரம் இலை கொட்டிவிட்டு, போன வருடத்துக் காய்கள் மட்டும் முழ நீளத்தில் கருப்பாகத் தொங்கும். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று மோதிச் சடசடக்கும். கிளை முறியும் சத்தம் போலவே இருக்கும். சமையலறையில் இருந்து எத்தனையோ தடவை கரண்டியோடு ஓடிவந்திருக்கிறேன். ஒருநாள் நிஜமாகவே ஒரு கிளை விழுந்தது. என் மணிக்கட்டுத் தடிமன்தான். கொடியில் காய்ந்த போர்வைமேல் விழுந்து கொடியை அறுத்தது. அந்த இடத்துக்கும் அவர் நாற்காலிக்கும் நடுவே நான் அடி எடுத்து வைத்துப் பார்த்தேன். நான்கு அடி.

அன்றைக்கே சொன்னேன். "மரத்த எடுத்துரலாங்க. எனக்கு வேலைல மனசு நிக்கல."

அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். இடது கையைத் தூக்கி மேலே காட்டினார். வாய் கோணி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

"கவ... கவ..."

"கவலப்படாதங்கறீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எப்படிக் கவலைப்படாமல் இருப்பது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அடுத்த இரண்டு வாரமும் இதே நடந்தது. நான் மரத்தைப் பற்றிப் பேச்செடுப்பேன். அவர் "கவ... கவ..." என்பார். கவலைப்படாமல் இருக்கிறேன் என்று சொல்லிச் சமாதானப்படுத்துவேன். அவர் நாற்காலிக் கையைத் தட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். முன்னெல்லாம் அவருக்குக் கோபமே வராது. நோய் மனிதரை மாற்றிவிட்டது என்று நினைத்தேன்.

அந்த நினைப்புக்கு ஏற்றபடி ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலிக்கு அந்தாண்ட நின்று கூப்பிட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாலஞ்சு நாளா அண்ணன் எங்கள மரத்தடில உக்கார விட மாட்டேங்கறாருங்க. பாய விரிச்சாலே கோலால தட்டி வெரட்டறாரு. நேத்து அந்தப் பொண்ணுங்கள்ல ஒண்ணு அழுதே போயிருச்சு. நாங்க என்னாங்க பண்ணோம்?"

எனக்கு மானமே போயிற்று. "ஒடம்பு சரியில்லாதவரும்மா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று கெஞ்சினேன். உள்ளே போய் அவரிடம், "இத்தன வருசமா உக்கார்றவங்கள எதுக்குங்க வெரட்டறீங்க?" என்று கத்தினேன். அவர் என்னையே பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

அந்த நாட்களில் எனக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றே ஒன்று. வேலை முடிந்து வரும்போது அவர் நாற்காலி கிழக்கே வாசல் பக்கத்தில் இருக்கும். எனக்காகக் காத்திருக்க வெயில் தாழ்ந்ததும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். காலையில் கிளம்பும்போது மறுபடி எடுத்துப்போய் மரத்தடியில் போடுவேன்.

கடைசியில் அவரைக் கேட்காமலே முடிவு செய்தேன். அவரோடு பல வருடம் வேலை பார்த்த ஒருவர் இருந்தார், இப்போதும் லைனில் இருப்பவர். விடுமுறை நாளில் மரம் வெட்டவும் போவார். அவருக்குப் போன் செய்தேன்.

"ஞாயித்துக்கெழம வரேன் அண்ணி. அண்ணன் ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டாரு" என்று பொய் சொன்னேன்.

அன்று புதன்கிழமை. இன்னும் நான்கு நாள்தான் என்று எண்ணிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு லேபின் வெளிச்சம் மங்கியது. எழுந்து பார்த்தால் மேற்கே வானம் செம்மண் நிறத்தில் இருந்தது. பிளெக்ஸ் போர்டு ஒரு பக்கம் கிழிந்து பறந்தது. போன் போட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மூன்றாம் தடவை தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. பக்கத்து வீட்டு எண்ணும் அப்படியே. மருத்துவ அலுவலரிடம் சொல்லிவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

தருமபுரி பஸ்ஸில் மழை ஷட்டர் போட்டிருந்தார்கள். உள்ளே இருட்டு. இடுக்கு வழியே தண்ணீர் என் மடியில் சொட்டியது, ஒதுங்க வேண்டும் என்று தோன்றவில்லை. என் மனசில் ஓடியதெல்லாம் அந்தச் சுவருக்கும் மரத்துக்கும் உள்ள பன்னிரண்டு அடிதான். இருபது என்று அவர் சொன்னபோதே கேட்டிருந்தால்? புங்கனே வைத்திருந்தால்? ரம்பத்தை நான் பிடித்திருக்காவிட்டால்? பக்கத்தில் இருந்த அம்மாள், "ஏம்மா, யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார். மணி என்ன என்று அவரைத் திருப்பிக் கேட்டேன்.

டவுனில் இறங்கிப் பென்னாகரம் பஸ்ஸில் ஏறினேன். மூன்று கிலோமீட்டர் போவதற்குள் வண்டி நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு புளிய மரத்தின் கிளை கிடந்தது. முறியாது என்று அவர் சொல்லும் புளிய மரமே முறிந்து கிடக்கிறது. கண்டக்டர் தடுத்தும் கேட்காமல் இறங்கி நடந்தேன். மழை விட்டிருந்தது. சாலையெல்லாம் மாங்காயும் இலையுமாகக் கிடந்தது. செருப்பு வழுக்கியது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

தூரத்தில் இருந்தே தெரிந்தது. வீட்டுக்கு மேலே மரம் இருந்த இடத்தில் பாதி வானம் தெரிந்தது.

வீட்டைச் சுற்றி மேற்குப் பக்கம் போனேன். மரம் கவட்டையில் பிளந்து, ஒரு பாதி அப்படியே கீழே சாய்ந்திருந்தது. ஜன்னலுக்கு மேலிருந்த சன்ஷேடை உடைத்து, ஜன்னல் கம்பியை வளைத்து, மரத்தடி முழுவதையும் மூடிக்கொண்டு கிடந்தது. நான் காலையில் நாற்காலி போட்ட இடமே தெரியவில்லை. கிளைகளைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. கைகளால் சுள்ளியையும் காயையும் விலக்கி விலக்கிப் பார்த்தேன். அவரைக் கூப்பிட்டேனா, வெறுமனே கத்தினேனா என்று தெரியாது.

"அக்கா! அக்கா! இங்க இருக்காருங்க! எங்க வூட்ல இருக்காருங்க!"

பக்கத்து வீட்டுப் பெண்மணி வேலி வழியே ஓடிவந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் பின்னாலேயே போனேன். அவர்கள் கூடத்தில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில், என் கணவர் இடது கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். சட்டைகூட நனையவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"காத்து ஆரம்பிச்சதுமே நான் போய்க் கூட்டிட்டு வந்துட்டேங்க. வாசல்லதான் இருந்தாரு. போன உள்ளயே விட்டுட்டாரு போல."

"வாசல்லயா? மரத்தடில இல்லையா?"

"அங்க எங்கங்க உக்கார்றாரு? பத்துப் பதினஞ்சு நாளா நீங்க அந்தாண்ட போனதுமே நாற்காலிய இழுத்துக்கிட்டு வாசலுக்கு வந்துருவாரு. காலைல அவ்ளோ வெயில் அடிக்குது, அதுலயே உக்காந்திருப்பாரு. ஏன்னு எனக்கும் புரியலங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். இடது கையின் இரண்டு விரல்களை விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு அந்த விரல்களை இன்னும் அகலமாக விரித்தார்.

"கவ... கவட்... ட."

கவட்டை. இரண்டு வாரமாக அவர் சொன்னது அதைத்தான். மேலேயே பார்த்துக்கொண்டிருந்தவர் பிளவு விட ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லி முடிக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் நான்தான் அந்தச் சொல்லைப் பிடுங்கி வேறு சொல்லாக முடித்துவைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுப் பெண்மணி வாசலில் நின்று, விழுந்து கிடந்த பாதி மரத்தைப் பார்த்தார். அவர்கள் பாய் விரிக்கும் இடம் சரியாக அதன் கீழே இருந்தது.

"அதுக்குத்தான் வெரட்டினாரா?" என்று மெதுவாகக் கேட்டார். பிறகு முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய சகா இரண்டு ஆட்களோடும் மெஷின் ரம்பத்தோடும் வந்தார். நின்றிருந்த பாதி மரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதில் அன்றைக்குத்தான் முதல் பூக்கள் விரிந்திருந்தன. அவர் ஏணி போட்டு ஏறி, அரிவாளின் பின்புறத்தால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"அண்ணா, கிழிசல் முழங்கால் வரைக்கும் எறங்கியிருக்குது. உள்ள கருப்பாயிருச்சு. இது நிக்காது."

என் கணவர் தலையசைத்தார்.

"ஒரு வருசம் விட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டது யார் என்று நானே திரும்பிப் பார்த்தேன். கேட்டது நான்தான்.

ஏணியில் இருந்தவர் சிரித்தார். "என்ன அண்ணி, புதங்கெழம போன் போட்டு முழு மரத்தையும் எடுக்கச் சொன்னது நீங்கதான? அண்ணனும் சரின்னாருன்னீங்களே?"

எனக்கு முகம் சுண்டியது. என் கணவர் பக்கம் திரும்பி, "உங்களக் கேக்காமத்தான் வரச் சொன்னேன்" என்றேன்.

"தெ... ரியும்" என்றார். நான் சமையலறையில் இருந்து போன் பேசியது கூடத்தில் இருந்தவருக்குக் கேட்காமலா இருக்கும்? வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

வெட்ட மூன்று மணி நேரம் ஆயிற்று. அவர் நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்லி, எல்லாம் தெரியும்படி உட்கார்ந்துகொண்டார். எந்தக் கிளையை முதலில் எடுப்பது, கயிற்றை எங்கே போடுவது, எந்தப் பக்கம் இழுப்பது என்று இடது கையால் காட்டினார். ஒரு தடவை ஏணியில் இருந்தவர் அவசரப்பட்டு வேறு கிளையில் ரம்பத்தை வைக்க, கோலால் தரையில் ஓங்கித் தட்டினார். ரம்பம் நின்றது. "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று அவர் அடுத்த கிளைக்கு மாறினார். வீட்டுச் சுவரில் ஒரு கீறல் விழாமல், கம்பிவேலி சாயாமல், துண்டு துண்டாக மரம் இறங்கியது. நோய்க்குப் பிறகு அவர் வேலை பார்த்து நான் பார்த்தது அன்றுதான். மதியச் சாப்பாட்டில் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தக் கோடை முழுதும் மேற்குச் சுவர் காய்ந்தது. பச்சை நிழல்வலை வாங்கிக் கட்டினோம். எனக்கு வேலையில் மனசு நின்றது. ஆனால் வீட்டுக்கு வந்து அந்த வெட்டவெளியைப் பார்க்கும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். பயம் போனதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள் அழுதேன். அவருடைய பேச்சுப் பயிற்சிக்கு அதன்பிறகு நான் கூடவே போனேன். அவர் ஒரு எழுத்தில் நிற்கும்போது, அடுத்த எழுத்தை நானே எடுத்துக்கொடுக்காமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எனக்குக் கொடுத்த பயிற்சி. அவருடையதைவிடக் கஷ்டமானது.

ஆடியில் மழை இறங்கியதும், "இந்தத் தடவ நீங்களே சொல்லுங்க, என்ன மரம்?" என்று கேட்டேன். புங்கன் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். அவர் நேரம் எடுத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

"பூ... மரு... து."

ஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் மரம். கட்டை உறுதியானது, லேசில் முறியாது என்று அவர் சகா சொன்னார். சுவரில் இருந்து இருபத்தைந்து அடியில், கம்பி எதுவும் போகாத மூலையில் குழி எடுத்தோம். பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் மண் தள்ளினார். நிழல் வரும் வரைக்கும் அவரும் தோழிகளும் எங்கள் வாசல் பக்கத்தில் பாய் விரிக்கிறார்கள். மதியத்துக்கு மேல் அங்கே வீட்டின் நிழல் விழும். என் கணவர் அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையால் ஊசியில் நூல் கோக்கப் பழகுகிறார். பத்துத் தடவைக்கு ஒரு தடவை கோத்துவிடுகிறார்.

போன வாரம் பூமருதின் அடி இலைகள் மூன்று மஞ்சளாகிவிட்டன. சகாவுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். தண்ணீர் அதிகம் அண்ணி, நான்கு நாளைக்கு ஊற்றாதீங்க என்று பதில் வந்தது. இன்றோடு இரண்டு நாளாக ஊற்றவில்லை. காலையில் கிளம்பும்போது மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துவிட்ட மாதிரிதான் எனக்குப் படுகிறது.